கெய்ரோ டு கேப் டவுன் சைக்கிள் பயணம்: நீல நைல் பள்ளத்தாக்கு நாள் எப்படி இருக்கும்?

சக்கரம்78:
எல்லாருக்கும் வணக்கம். கெய்ரோல கிளம்பி கேப் டவுன் வரைக்கும் குழுவா சைக்கிள்ல போறாங்கல்ல, 2003ல ஆரம்பிச்ச டூர் டி ஆஃப்ரிக், சுமார் 12,000 கிமீ, நாலு மாசம், அந்த மாதிரி ஒரு பயணம் போகணும்னு பல வருஷ ஆசை. வயசு 47. ரெகுலரா ஓட்டுறேன், 200 கிமீ பிரெவே (நேரக் கெடு வச்சு ஓட்டுற நீண்ட தூர ரைடு) டைமுக்குள்ள முடிக்கிறேன், ஆனா ஸ்பீடு கம்மிதான், எந்த ரைடுலயும் கடைசி நாலு பேர்ல ஒருத்தனா இருப்பேன்.

நெட்டுல தேடினா எல்லாம் மொத்தப் பயணத்தைப் பத்தியே இருக்கு. எனக்கு ஒரே ஒரு நாள் காலைல எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் எப்படி இருக்கும்னு தெரியணும். அதுவும் எத்தியோப்பியால நீல நைல் பள்ளத்தாக்கு கடக்குற நாள்தான் ரொம்ப கஷ்டம்னு சொல்றாங்க. அங்க பசங்க கல்லு எறிவாங்கன்னும் படிச்சேன், உண்மையா? மெதுவா ஓட்டுற ஆளு அந்த நாள்ல என்ன பண்ணுவான்? ஓட்டினவங்க யாராவது இருந்தா விவரமா எழுதுங்க ப்ளீஸ்.

மேட்டுப்பாதை:
சார், நான் கொரோனாவுக்கு முந்தின வருஷம், 2019 பிப்ரவரி கடைசில அந்த ரோட்டுல ஓட்டினேன். கேட்ட மாதிரியே ஒரே நாளை எழுதுறேன். நீளமா போகும், பொறுத்துக்குங்க.

நாங்க கிளம்பினது டெப்ரே மார்கோஸ். கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம். ஆப்பிரிக்கான்னா வெயில்னு நினைச்சு வந்தவங்க எல்லாம் காலைல அஞ்சு மணிக்கு டெண்ட்டுக்குள்ள ஜாக்கெட் போட்டுக்கிட்டு நடுங்குவாங்க. டெண்ட் துணி பனியில நனைஞ்சிருக்கும், அதை அப்படியே சுருட்டி பையில திணிச்சு லாரியில ஏத்திடணும், மதியம் கேம்ப் போனதும் முதல் வேலை அதைக் காய வைக்கிறதுதான்.

சாப்பாட்டு வரிசைக்கு முன்னாடி ரெண்டு பேசின் வச்சிருப்பாங்க, ஒண்ணுல சோப்புத் தண்ணி, இன்னொண்ணுல பிளீச் கலந்த தண்ணி. சமையல்காரர் பக்கத்துலயே நிப்பார். கை கழுவாம யாரும் தட்டைத் தொட முடியாது, எவ்வளவு சீனியர் ரைடரா இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவார். நாப்பது ஐம்பது பேர் ஒரே கரண்டியைப் பிடிக்கிற இடத்துல ஒருத்தருக்கு வயித்துப்போக்கு வந்தா மூணு நாள்ல பாதி குழு படுத்துரும், அதனால அந்த பேசின்தான் என் கணக்குல முழுப் பயணத்துலயும் முக்கியமான பொருள், உங்க சைக்கிளை விட. சாப்பாடு ஓட்ஸ் கஞ்சி, வேர்க்கடலை வெண்ணெய், பிரெட், வாழைப்பழம். பசியே இல்லன்னாலும் ரெண்டு தட்டு உள்ள போகணும்.

ரூட்டு முந்தின நாள் சாயங்காலமே வெள்ளை போர்டுல எழுதிடுவாங்க. எத்தனையாவது கிமீல ஊரு, எங்க திரும்பணும், சாப்பாட்டு வண்டி எங்க நிக்கும், எல்லாம். முக்கியமான திருப்பத்துல கலர் ரிப்பன் கட்டியிருப்பாங்க. கடைசி ஆளுக்குப் பின்னாடி 'ஸ்வீப்'னு ஒருத்தர் வருவார், அவரைத் தாண்டி பின்னாடி யாரும் இருக்கக் கூடாது, அதான் விதி. நீங்க சொன்ன கடைசி நாலு பேர் தினமும் அவர் கூடத்தான் ஓட்டுவாங்க.

டெப்ரே மார்கோஸ்ல இருந்து டெஜென்னு ஒரு ஊர் வரைக்கும் சுமார் 70 கிமீ. மேட்டு நிலம், ஏறி ஏறி இறங்கும். ரெண்டு பக்கமும் டெஃப்ன்ற தானியம் அறுத்து முடிச்ச வயல், மாட்டைச் சுத்த விட்டு மிதிக்க வச்சு போரடிச்சிட்டு இருப்பாங்க, யூகலிப்டஸ் தோப்பு, மஞ்சள் கேன் கட்டின கழுதை, வெள்ளைப் போர்வை போத்திக்கிட்டு ரோட்டோரமா நடந்து போற ஜனம். அந்த ரோடு வண்டிக்குன்னு போட்டதா எனக்குத் தோணல, நடக்குற ஜனத்துக்கு நடுவுல வண்டி போகுது, அவ்வளவுதான். சைக்கிள்ல போறவங்க இதை மனசுல வச்சே ஆகணும். காரணத்தைக் கீழ சொல்றேன்.

டெஜென் தாண்டினதும் நிலம் சட்டுனு முடிஞ்சிரும். எதிர்க்கரை தெரியும், நடுவுல பெரிய பள்ளம். சாப்பாட்டு வண்டி அங்கதான் நின்னுச்சு. அங்க இருந்து சுமார் 20 கிமீ இறக்கம், ஆத்துக்கிட்ட உயரம் 1,100 மீட்டருக்குள்ள வந்துரும், அப்புறம் பாலம், அப்புறம் மறுபடி 20 கிமீ ஏத்தம், கோஹா சியோன் ஊர் வரைக்கும். மொத்தம் 110 கிமீ சொச்சம். தூரத்தைப் பார்த்தா ஒண்ணுமில்லாத நாள். ஆனா அந்தக் கடைசி 20 கிமீல சுமார் 1,400 மீட்டர் ஏறணும், அதுவும் நடு மத்தியானம்.

இறக்கத்தையும் ஏத்தத்தையும் அடுத்த பதிவுல எழுதுறேன்.

தனிவழி:
தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா லாரி பையைத் தூக்கிட்டு வரும், சமையல்காரர் சோறு போடுவார், பின்னாடி ஒருத்தர் காவலுக்கு வருவார்னா அதைப் பயணம்னு எப்படி சொல்றது? நான் தனியா, பையை சைக்கிள்லயே கட்டிக்கிட்டு ஓட்டுறவன். கிராமத்துக் கடையில சாப்பிட்டு, அவங்க திண்ணையில படுத்து, அப்படிப் போனாத்தான் அந்த ஊரு நமக்குத் தெரியும். ஐம்பது பேர் கூட்டமா போனா ஐம்பது பேரோட முதுகுதான் தெரியும்னு நினைக்கிறேன்.

மேட்டுப்பாதை:
//ஐம்பது பேரோட முதுகுதான் தெரியும்//

நியாயமான கேள்வி. நாள் ஆரம்பிச்சு ஒரு மணி நேரத்துல குழு பத்து இருபது கிமீக்குச் சிதறிடும், ரெண்டு ரெண்டு பேரா, சில நேரம் ஒத்தையாத்தான் ஓட்டுவோம், காபிக் கடையில உக்காருவோம். ஆனா நீங்க சொல்றதுல ஒரு உண்மை இருக்கு, அது வேற விதமானது. தனியா போற ஆள் ஒரு கிராமத்தை ஒரு தடவை கடக்கிறான். குழு அதே கிராமத்தை நாலு மணி நேரத்துக்கு, ஒவ்வொருத்தரா, ஐம்பது தடவை கடக்குது. அந்த ஊர் ஜனத்துக்கு அது என்ன மாதிரி இருக்கும்னு யோசிக்காம குழுவா போகக் கூடாதுன்றது என் உறுதியான கருத்து. கல்லெறி விஷயம் முழுக்க இதுலதான் இருக்கு.

சரி, இறக்கம். நல்ல தார் ரோடு மாதிரி ஆரம்பிக்கும். ரெண்டு வளைவு தாண்டினா தார் அலை அலையா நெளிஞ்சு கிடக்கும், லாரி டயர் அழுத்தி அழுத்தி ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் மாதிரி பள்ளம், அதுக்கு ரெண்டு பக்கமும் தார் வரப்பு. முன் சக்கரம் அந்த வரப்புல சாய்வா ஏறினா ஹேண்டிலைப் பிடுங்கிரும். அதனால எந்தக் கோட்டுல போறோமோ அதே கோட்டுல போய் முடிக்கணும், நடுவுல மாறக் கூடாது. லாரிங்க எதிர்ல முழு லோடோட முதல் கியர்ல முக்கிக்கிட்டு ஏறும், அதை ஓவர்டேக் பண்ண இசுசு கம்பெனி லாரிங்க நம்ம பக்கத்துக்கு வரும். பிரேக்கைத் தொடர்ந்து பிடிச்சுக்கிட்டே இறங்கினா ரிம் பிரேக்னா ரிம் சூடாகி டியூப் வெடிக்கும், டிஸ்க்னா பேட் கருகி பிடிக்காம போகும். கொஞ்ச நேரம் நல்லா அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி இறங்கணும். பாதியில ஒரு தடவை நின்னு ஆற விடுங்க. அப்ப ஓரத்துப் பாறையில கெலடா குரங்குக் கூட்டம் உக்காந்திருக்கும், ஆண் குரங்குக்குச் சிங்கம் மாதிரி பிடரி, நெஞ்சுல சிவப்பா ஒரு திட்டு. எத்தியோப்பிய மேட்டு நிலத்தைத் தவிர உலகத்துல வேற எங்கயும் அது காட்டுல கிடையாது.

இறங்க இறங்க காத்து சூடாகிட்டே வரும். மேல ஜாக்கெட், கீழ என் மீட்டர் 38 டிகிரி காட்டுச்சு. அடியில ரெண்டு பாலம், ஒண்ணு பழசு, இன்னொண்ணு 2008ல ஜப்பான் உதவியோட திறந்த கேபிள் பாலம். துப்பாக்கியோட காவலுக்கு ஆள் நிப்பாங்க, போட்டோ எடுக்க விட மாட்டாங்க, எடுக்காதீங்க. கீழ ஓடுறதுதான் அபாய், நம்ம நீல நைல்னு சொல்ற ஆறு. பிப்ரவரில தண்ணி கம்மி, அடங்கி ஓடும்.

ராண்டோ_கோவை:
அண்ணே அருமை. ஏத்தத்துக்கு நான் கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்த்தேன், சக்கரம் சாருக்கு உதவும்.

20 கிமீல 1,400 மீட்டர்னா சராசரி 7 சதவீதம். ஆளு 75 கிலோ, சைக்கிள் பாட்டில் எல்லாம் சேர்த்து 14 கிலோன்னா, மணிக்கு 8 கிமீ வேகத்துல ஏற சுமார் 145 முதல் 150 வாட் வேணும். ரெண்டரை மணி நேரம். இந்த ஏத்தத்துக்கு மட்டும் ஆயிரத்து முன்னூறு கலோரி கிட்ட எரியும். 150 வாட் ரெண்டரை மணி நேரம்றது 200 கிமீ பிரெவே முடிக்கிற ஆளுக்கு முடியாத விஷயம் இல்ல. ஆனா கியர் சரியா இருக்கணும். முன்னாடி 34 பல், பின்னாடி 34 பல் போட்டா அந்த வேகத்துல கால் நிமிஷத்துக்கு 60 சொச்சம் சுத்துதான் சுத்தும், முட்டிக்கு நல்லதில்ல. முன்னாடி 30 பின்னாடி 36 இருந்தா 74 வரும். போறதுக்கு முன்னாடி கேசட்டை (பின் சக்கரத்துப் பல்சக்கரத் தொகுப்பு) மாத்திடுங்க, அதுல காசைப் பார்க்காதீங்க.

ப்ராக்டிஸுக்கு கல்லாறுல இருந்து குன்னூர் ஏறுங்க. தூரமும் உயரமும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆனா ஒரு 70 கிமீ ஓட்டிட்டு வந்து, காலைல பத்து மணிக்கு மேல ஏற ஆரம்பிங்க. விடியக்காலைல குளிர்ச்சியில ஏறிட்டு ரெடி ஆயிட்டேன்னு நினைக்காதீங்க.

மருந்துப்பெட்டி:
நான் டாக்டர், நீண்ட தூர ரைடுகளுக்கு மெடிக்கல் வாலண்டியரா போறவ. ரெண்டு விஷயம் சொல்லணும்.

மேல 2,400 மீட்டர்ல காத்தழுத்தம் கடல் மட்டத்தை விட கால்வாசி குறைவு. அங்க ஒரு வாரமா ஓட்டிட்டு இருக்குறவங்களுக்கு உடம்பு ஓரளவு பழகியிருக்கும். அந்தக் குளிர்ல தாகமே எடுக்காது, ஆனா வறண்ட காத்துல மூச்சு வழியாவே நிறைய தண்ணி போகும். அதனால பள்ளத்துல இறங்குறப்பவே பாதி பேர் உடம்புல தண்ணி இல்லாமத்தான் இறங்குறாங்க. அப்புறம் கீழ சூட்டைப் பார்த்துப் பயந்து வெறும் தண்ணியை மடக்கு மடக்குன்னு குடிப்பாங்க. இதுதான் ஆபத்து. வேர்வையில ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் வரைக்கும் சோடியம் போகலாம், அதை ஈடு கட்டாம வெறும் தண்ணி மட்டும் ஊத்தினா ரத்தத்துல சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுறது, அப்புறம் குழப்பமா பேசுறது. பார்க்க நீர்ச்சத்துக் குறைவு மாதிரியே இருக்கும், கூட இருக்குறவங்க இன்னும் தண்ணி கொடுத்து இன்னும் மோசமாக்கிடுவாங்க. ஒரு பாட்டில் ஓ.ஆர்.எஸ், ஒரு பாட்டில் வெறும் தண்ணி, மாத்தி மாத்தி. சாப்பாட்டு வண்டியில உப்புப் போட்ட உருளைக்கிழங்கு இருந்தா அதை எடுத்து பாக்கெட்ல போட்டுக்குங்க.

இன்னொண்ணு, வெயில்ல ஏறுறப்ப வேர்வை நிக்கிற மாதிரி இருந்தா, இல்ல கூட வர்றவர் சம்பந்தமில்லாம பேசினா, அந்த எடத்துலயே நிழல்ல உக்கார வச்சு உடம்பை நனைங்க. 'இன்னும் ரெண்டு வளைவுதான்'னு உசுப்பேத்தாதீங்க. அந்த வார்த்தையால கெட்டுப்போனதை நான் பார்த்திருக்கேன்.

சக்கரம்78:
மேடம், அண்ணே, எல்லாருக்கும் நன்றி. பிரிண்ட் எடுத்து வச்சுக்கிறேன். ரெண்டரை மணி நேரம் 150 வாட் முடியும்னு நினைக்கிறேன், ஆனா முடியலன்னா? லாரியில ஏறினா கேவலமா பார்ப்பாங்களா? ஒரு இன்ச் விடாம ஓட்டினவங்களுக்கு இ.எஃப்.ஐ.ன்னு தனிப் பட்டமே இருக்குன்னு படிச்சேன்.

மேட்டுப்பாதை:
சார், இதுக்குத்தான் அடுத்தது எழுதணும்னு இருந்தேன்.

இ.எஃப்.ஐ பட்டத்தை நான் குறைச்சுப் பேச மாட்டேன். கெய்ரோல இருந்து ஒரு அடி விடாம வந்தவங்க எங்க குழுவுலயும் இருந்தாங்க, காய்ச்சலோட ஓட்டினதைப் பார்த்தேன், மரியாதை உண்டு. ஆனா அந்தப் பட்டம் கையை விட்டுப் போகக் கூடாதுன்னு டாக்டர் மேடம் சொன்ன நிலைமையிலயும் ஏறுற ஆளால ஸ்வீப் நிக்கணும், ஸ்வீப் நின்னா பின்னாடி இருக்குற எல்லாரும் வெயில்ல நிக்கணும். அதனால லாரியில ஏறுறது உங்க தனிப்பட்ட விஷயம் மட்டும் இல்ல. எங்க குழுவுல ஒரு நல்ல வழக்கம் இருந்தது, ஏத்தத்துல நடுப்பகுதியில ஒரு வண்டி நிக்கும், குளிர்ந்த தண்ணி இருக்கும், அங்க ஸ்வீப் ஒரு கேள்விதான் கேப்பார், 'கடைசியா எப்ப ஒண்ணுக்கு போன?' பதில் சரியில்லன்னா வண்டியில ஏறச் சொல்வார். யாரும் யாரையும் கேவலமா பார்க்கல.

ஏத்தம் எப்படின்னா, முதல் ஆறு ஏழு கிமீதான் கொடுமை. சூடு, நிழல் கிடையாது, பாறை வெப்பத்தைத் திருப்பி அடிக்கும். பின்னாடி இருந்து காத்து வந்தா அது நம்ம வேகத்துலயே வரும், அப்ப காத்தே இல்லாத மாதிரி இருக்கும், ஈ மூஞ்சியில ஒட்டும். லாரிப் புகை. பாதிக்கு மேல போனா கொஞ்சம் கொஞ்சமா குளிரும், அதுல உசுரு வரும். கடைசி மூணு கிமீல ஆடு மேய்க்கிற பசங்க பக்கத்துலயே ஓடி வருவாங்க, நம்ம 8 கிமீ ஸ்பீடுக்கு அவங்க பேசிக்கிட்டே ஓடுவாங்க, மூச்சு கூட வாங்காது.

இப்ப கல்லெறி. உண்மைதான், நடக்குது. எங்க குழுவுல சிலருக்குப் பட்டுது. ஆனா ஒண்ணு கவனிச்சேன், முன்னாடி போற வேகமான ஆளுங்களுக்கு ரொம்பக் கம்மி. நடுவுல, கடைசில வர்றவங்களுக்குத்தான் அதிகம். ஏன்?

அந்தப் பசங்க பாதி நாள்தான் ஸ்கூல், ஷிஃப்ட் முறை, அதனால எந்நேரமும் பாதிப் பசங்க ரோட்டுல இருப்பாங்க. மாடு மேய்க்கிறவன் கையில சாட்டையும் பாக்கெட்ல கல்லும் இருக்கும், விலகிப் போற மாட்டைத் திருப்ப அதுக்கு முன்னாடி கல்லைப் போடுறது அவன் தினசரி வேலை, குறி தப்பாது. முதல் சைக்கிள் வருது, கையாட்டுறான், ஓட்டுறவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டுப் பார்க்காமப் போறார். ரெண்டாவது ஆள், அதே. மூணாவது ஆள் மிட்டாய் எறிஞ்சுட்டுப் போறார், பசங்க அதுக்கு அடிச்சுக்கிறாங்க. பத்தாவது ஆள் கிட்ட 'பேனா கொடு, பணம் கொடு'ன்னு கேக்குறாங்க, அவர் கத்துறார். இருபதாவது ஆளுக்குக் கல்லு வருது. முப்பதாவது ஆளா நீங்க மெதுவா, களைச்சுப் போய், தனியா வர்றீங்க. அந்தக் கிராமத்துக்கு நீங்க புதுசு இல்ல, முன்னாடி போன இருபத்தொம்போது பேரோட கணக்கு உங்க மேல இருக்கு.

அதனால குழுவுல முன்னாடி ஓட்டுறவங்களுக்குத்தான் இதுல பொறுப்பு ஜாஸ்தி. ஹெட்ஃபோனைக் கழட்டு, கிராமம் வந்தா வேகத்தைக் குறை, 'சலாம்' சொல்லு, பெரியவங்களைப் பார்த்து முதல்ல தலையைக் குனி, மிட்டாய் பேனா எதையும் எறியாத. எங்க மீட்டிங்ல இதை ஒருத்தர் எழுந்து சொன்னார், முன்னணி ஆளுங்க முதல்ல முணுமுணுத்தாங்க, அப்புறம் செஞ்சாங்க. அடுத்து வந்த நாட்கள்ல பின்னாடி வந்தவங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சுது. முழுசா நிக்கல, ஆனா கொறைஞ்சுது.

தென்றல்_மிதி:
மேட்டுப்பாதை அண்ணா, நீங்க எழுதினதுல பெரும்பாலும் ஒத்துக்கிறேன், நானும் அதே மேட்டு நிலத்துல வேற ஒரு குழுவோட ஓட்டியிருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். எல்லாத்தையும் ஓட்டுறவங்க நடத்தை மேலயே வச்சுட்டா, கல்லு வாங்கினவங்க கிட்ட 'நீ சிரிச்சிருந்தா பட்டிருக்காது'ன்னு சொல்ற மாதிரி ஆயிரும். நான் சிரிச்சேன், சலாம் சொன்னேன், பட்டுச்சு. முதுகுல.

பொண்ணுங்களுக்கு அங்க உள்ள கஷ்டம் வேற. மரம் மறைவு இல்லாத வயல்வெளி, எங்க நின்னாலும் ரெண்டு நிமிஷத்துல இருபது பசங்க சுத்தி நிப்பாங்க, கெட்ட எண்ணம் எதுவும் இல்ல, வேடிக்கைதான், ஆனா ஒதுங்க முடியாது. அதுக்குப் பயந்து பல பேர் தண்ணி குடிக்கிறதையே குறைச்சுக்குவாங்க, அந்தப் பள்ளத்தாக்கு நாள்லயும். டாக்டர் மேடம் சொன்னதோட இதைச் சேர்த்துப் பாருங்க எவ்வளவு ஆபத்துன்னு. எங்க குழுவுல மூணு பேர் சேர்ந்து ஓட்டுவோம், ஒரு பெரிய துணி கையில இருக்கும், ரெண்டு பேர் பிடிப்போம். இல்லன்னா ரோட்டோர காபிக் கடையில கேப்போம், கடை நடத்துறது பெரும்பாலும் பொம்பளைங்கதான், ஒருத்தர் கூட மறுத்ததில்ல, பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வாசல்ல நின்னு பசங்களை விரட்டி விடுவாங்க. அந்தக் கடைகள்ல நிக்காமப் போறது பெரிய இழப்பு. காபிக்கொட்டையை நம்ம கண் முன்னாடியே வறுத்து, உரல்ல இடிச்சு, மண் ஜாடியில காய்ச்சிக் கொடுப்பாங்க, கூட ஒரு கொத்து மூலிகை இலை போடுவாங்க. அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

கல்லெறிக்கு நான் பார்த்த ஒரே வழி, இறங்கிடுறது. சைக்கிள்ல இருந்து இறங்கி, தள்ளிக்கிட்டு நடந்தா பசங்க எறியுறதில்ல, பக்கத்துல வந்து பெல்லை அடிச்சுப் பார்ப்பாங்க. அதுக்குள்ள ஒரு பெரியவர் வந்துருவார், வந்தா அவங்க பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

மேட்டுப்பாதை:
தென்றல் சொன்னது சரி, அடி வாங்கினவங்களைக் குத்தம் சொல்ற அர்த்தத்துல எழுதல, ஆனா அப்படிப் படிக்க இடம் இருக்கு. தனி ஆளோட சிரிப்பால இது நிக்காது, முழுக் குழுவும் சேர்ந்து நடந்துக்கிட்டாத்தான் கொறையும், அதைத்தான் சொல்ல வந்தேன். இறங்கி நடக்குறது நல்ல யோசனை, அதுக்கு நேரம் இருக்கணும், அதனாலதான் நாள் திட்டம் போடுறவங்க கடைசி ஆளோட வேகத்தை வச்சுப் போடணும்.

கல்லும்மண்ணும்:
இந்த இழையில ரோடு ஏன் நெளியுதுன்னு யாரும் கேக்கல, ஆனா நான் ஜியாலஜி படிச்சவன், சொல்லாம இருக்க முடியல.

அந்தப் பள்ளத்தாக்குல இறங்குறப்ப நீங்க காலத்துலயும் இறங்குறீங்க. மேல கருப்பு பசால்ட், சுமார் மூணு கோடி வருஷத்துக்கு முன்னாடி எரிமலைக் குழம்பு பரவி உறைஞ்சது. அதுக்குக் கீழ சுண்ணாம்புக்கல், அப்புறம் களிப்பாறையும் ஜிப்சமும், கிட்டத்தட்ட ஆத்து மட்டத்துல மணற்கல், டைனோசர் காலத்துப் படிவம். இந்த நடு அடுக்கு, அந்தக் களியும் ஜிப்சமும், மழைத் தண்ணி இறங்கினா ஊறி வழுக்கும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அங்க பெருமழை. ஒவ்வொரு மழைக்கும் சரிவு மொத்தமா கொஞ்சம் கீழ நகரும், மேல போட்ட ரோடும் அதோட நகரும். லாரி எடையும் வெயிலும் தாரை நசுக்குறது ஒரு பக்கம், தரையே அசையுறது இன்னொரு பக்கம். ரோட்டை எத்தனை தடவை ரிப்பேர் பண்ணாலும் திரும்ப நெளியுறதுக்கு இதான் காரணம். பாறையோட கலர் மாறுற இடத்தைக் கவனிச்சுக்கிட்டே இறங்குங்க. கருப்புல இருந்து வெளிர் மஞ்சளா, சாம்பலா மாறுச்சுன்னா அடுத்து ரோடு கெட்டுப் போகும்னு அர்த்தம், பிரேக் மேல கை இருக்கட்டும்.

ராண்டோ_கோவை:
அடடா, இந்த ஒரு பதிவுக்காகவே இழையை பின் பண்ணலாம்.

நைரோபிவாசி:
வேலைக்காக நைரோபி வந்து செட்டில் ஆனவன், இங்க உள்ள சைக்கிள் கிளப்போட ஓட்டுறேன். ஆர்வத்துல யாராவது டிக்கெட் போட்டுறப் போறீங்கன்னு எழுதுறேன்.

சூடான்ல 2023 ஏப்ரல்ல இருந்து போர். எத்தியோப்பியால அம்ஹாரா பகுதியில அதே வருஷம் ஆகஸ்ட்ல இருந்து ஃபானோ ஆயுதக் குழுக்களுக்கும் ராணுவத்துக்கும் சண்டை. டெப்ரே மார்கோஸ், டெஜென் எல்லாம் அம்ஹாராவுலதான் இருக்கு. ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒரோமியா, கோஹா சியோன் தாண்டி அடிஸ் அபாபா போற ரோட்டுல பஸ்ஸை மறிச்சு ஆளைக் கடத்தின சம்பவங்களும் நடந்திருக்கு. மேட்டுப்பாதை சார் ஓட்டினப்ப இருந்த ரோடு அதேதான், நிலைமை வேற. நாம சைக்கிள் ஓட்ட முடியலன்றது சின்ன விஷயம், அங்க காபி போட்டுக் கொடுத்த அந்த ஜனங்க இப்ப என்ன பாடு படுறாங்கன்னு நினைச்சாத்தான் மனசு கனக்குது.

சக்கரம் சார், உங்களுக்கு என் யோசனை: நைரோபில இருந்து தெற்கால ஓட்டுங்க. நமங்கா பார்டர், அருஷா, டோடோமா, இரிங்கா, ம்பெயா, அப்புறம் மலாவி ஏரிக் கரை, ஜாம்பியா. ஜாம்பியால இருந்து போட்ஸ்வானா போக முன்னாடியெல்லாம் படகுலதான் ஜாம்பேசி ஆத்தைத் தாண்டணும், 2021 மே மாசம் கசுங்குலா பாலம் திறந்துட்டாங்க. அங்க இருந்து நாட்டா வரைக்கும் 300 கிமீ, மேடு பள்ளமே இல்லாத ரோடு, யானை குறுக்க போகும். யானை ரோட்டுல நின்னா குழு முழுக்க நிக்கணும், லாரி பக்கத்துல மறைவா வந்தாத்தான் கடக்கணும். அப்புறம் நமீபியால சரளை ரோடு, அலை அலையா அதிர்ற ரோடு, அதுக்கு டயர் 45 மில்லிமீட்டராவது வேணும்.

சக்கரம்78:
நைரோபி சார், நேர்மையா சொன்னதுக்கு நன்றி. கொஞ்சம் வருத்தம்தான், அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்கணும்னு இருந்தேன். அங்க அமைதி வரட்டும், அப்ப தனியா அதுக்கே போறேன். இப்போதைக்கு நைரோபில இருந்து ஜாம்பியால இருக்குற லிவிங்ஸ்டன் வரைக்குமாவது போகலாம்னு வீட்டுல பேசியிருக்கேன்.

ஒரு சந்தேகம், தான்சானியா, மலாவி பக்கமும் குழுவா போனா இதே மாதிரி பசங்க, கிராமம் விஷயம் இருக்குமா? நான் கடைசில வர்ற ஆளு, அதான் கேக்குறேன்.

நைரோபிவாசி:
கல்லெறி எத்தியோப்பியா அளவுக்கு நான் பார்த்ததில்ல. ஆனா மலாவில ரோட்டோரம் பூரா பசங்கதான், 'கிவ் மீ மணி'ன்னு ஓடி வருவாங்க, அதுக்குக் காரணம் முன்னாடி போனவங்க கொடுத்துப் பழக்கினதுதான். மேட்டுப்பாதை சார் சொன்ன விதி அப்படியே பொருந்தும்.

மலாவில இன்னொண்ணு, அங்க சைக்கிள்தான் ஊரு வண்டி. விறகு, கரி மூட்டை, ஆடு, பின்னாடி கேரியர்ல பாசஞ்சர், எல்லாம் கியர் இல்லாத சைக்கிள்ல ஏத்திட்டுப் போவாங்க. நீங்க மெதுவா ஓட்டுற ஆளுன்றது அங்க வசதி, அவங்க பக்கத்துலயே பேசிக்கிட்டு ஓட்டலாம். ஏத்தத்துல கரி மூட்டையைத் தள்ளிக்கிட்டுப் போறவரைப் பார்த்தா இறங்கி ஒரு கை கொடுங்க, நாங்க எப்பவும் செய்வோம்.

மேட்டுப்பாதை:
சக்கரம் சார், குழு ஆளுங்க கிட்ட சேர்றதுக்கு முன்னாடியே மூணு கேள்வி எழுதிக் கேளுங்க. ஸ்வீப் தினமும் உண்டா இல்ல கஷ்டமான நாள்ல மட்டும்தானா. வெயில் நாள்ல நடுவுல தண்ணி வண்டி எத்தனை இடத்துல நிக்கும். கிராமத்துல எப்படி நடந்துக்கணும்னு முதல் நாள் மீட்டிங்ல சொல்வாங்களா. மூணாவது கேள்விக்கு அவங்க கிட்ட பதில் இல்லன்னா வேற குழு பாருங்க. வேகமா ஓட்டுற நாலு பேருக்கு அது இல்லாமலே ஓடிரும், கடைசி நாலு பேருக்கு ஓடாது.

கேசட்டையும் மாத்திடுங்க. இரிங்கா ஏத்தம் இருக்கு.